மனசு ஓயவில்லையா? டைரி எழுதத் தொடங்க ஒரு முழு வழிகாட்டி

அம்மா இறந்த பிறகு மூன்று மாதம், தினமும் இரவு இரண்டரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். சத்தம் எதுவும் இருக்காது, கனவும் இருக்காது. கண் திறந்த உடனே தலைக்குள் ஒரே வாக்கியம் ஓட ஆரம்பிக்கும்: "காரியம் முடிந்து ஊருக்குப் போன அக்கா ஒரு போன்கூடப் பண்ணவில்லை." அதற்கு நான் ஒன்று சொல்வேன், அவள் ஒன்று சொல்வதாக நானே நினைத்துக்கொள்வேன், அதற்கும் ஒரு பதில் சொல்வேன், இப்படியே செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி, பால்காரர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை போகும். ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து, பையனுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் அந்தச் சண்டை முழுவதையும் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அதே வரி வந்தபோது கை தானாக நின்றது. தலைக்குள் ஒரு வாக்கியத்தை நானூறு தடவை ஓட்டலாம். காகிதத்தில் முடியாது, மேலே அது ஏற்கெனவே இருப்பதைக் கண் பார்த்துவிடும்.

எழுதுவதால் மனசு அடங்குவதற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான். நினைப்பு வேகமாக ஓடும், பாதி வாக்கியத்திலேயே அடுத்ததற்குத் தாவும். கை மெதுவாகப் போகும், யார், என்ன, எப்போது என்று முழு வாக்கியம் கேட்கும். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வது பாதி உண்மை. கொட்டியதைப் பார்த்துக் கேள்வி கேட்கிற இடத்தில்தான் மீதிப் பாதி இருக்கிறது. கீழே சொல்லும் படிகளில் கொட்டுவது கொஞ்சம்தான், கேட்பதுதான் அதிகம்.

படி 1: நோட்டு, பேனா, வைக்க ஓர் இடம்

ஜனவரியில் நகைக்கடையிலும் வங்கியிலும் தருகிற தேதி போட்ட டைரி வேண்டாம். நாலு நாள் எழுதாமல் விட்டால் நாலு வெற்றுப் பக்கம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், ஐந்தாம் நாள் அதைத் திறக்கவே மனம் வராது. கோடு போட்ட சாதாரண லாங் சைஸ் நோட்டு போதும். விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வாங்கினால் அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று கை தயங்கும், அதனால் அதுவும் வேண்டாம். வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதற்கு வேலை இருக்கிறது, படி 6-ல் சொல்கிறேன்.

போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் முடிந்தால் காகிதம். போனில் நாலு வரி போவதற்குள் மேலே ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்கும், அதுவும் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோமோ அவரிடமிருந்தே வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறவரை கை உண்மையை எழுதாது. நம் வீடுகளில் தனி அறை கிடையாது, இருந்தாலும் கதவு தட்டும் வழக்கம் கிடையாது. மாமியார் பீரோவை ஒழுங்குபடுத்துவார், பிள்ளை பேப்பர் கிழிக்க நோட்டைத் தேடும். இதற்கு ஒளிவுமறைவில்லாமல் வழி செய்துகொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிடலாம் என்றால், "இது என் நோட்டு, யாரும் திறக்க வேண்டாம்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாத வீடு என்றால் ஆபீஸ் டிராயரில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் தனித் தாளில் எழுதி, முடித்ததும் கிழித்து ஒரு பக்கெட் தண்ணீரில் ஊறப் போடுங்கள், நன்றாக ஊறியபின் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். திரும்பப் படிக்கிற வாய்ப்பு அதில் போய்விடும், உண்மைதான். ஆனாலும் ஒளித்து வைத்த பொய்யைவிட, கிழித்துப் போட்ட உண்மை உங்களுக்கு நல்லது செய்யும்.

படி 2: பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அதை முடித்துவிட்டு நிறுத்துங்கள். காலை காபியோடு எழுதலாம், சாயங்காலம் விளக்கு வைத்தபின் மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதலாம், ஆபீஸில் மற்றவர்கள் வருவதற்கு முன் எழுதலாம். கனமான விஷயங்களைப் படுக்கையில் படுத்துக்கொண்டு மட்டும் எழுத வேண்டாம், எழுதிய சூட்டில் தூக்கம் போய்விடும். படுக்கைக்கு என்று வேறொரு சின்னப் பட்டியல் இருக்கிறது, படி 8-ல் வருகிறது.

படி 3: எந்தத் தமிழில் எழுதுவது

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பேனாவை எடுத்தாலே பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஞாபகத்துக்கு வருகிறது: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. "எனது மனம் மிகவும் வேதனையுற்றது" என்று எழுதி, அதைப் படித்தால் யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். பேச்சுத் தமிழ், ஊர்த் தமிழ், நடுவில் ஆங்கிலம், கெட்ட வார்த்தை, எல்லாம் வரட்டும். ஒற்றுப் பிழை பார்க்காதீர்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இதுதான்:

"மணி ரெண்டு நாப்பது. வயிறு என்னமோ பண்ணுது. ஃபேன் சத்தம். அக்கா போன் பண்ணல. ஏன் பண்ணல. நான் மட்டும் என்ன கல்லா."

படி 4: முதல் வரிக்கு உடம்பிடம் போங்கள்

வெள்ளைத் தாளைப் பார்த்ததும் ஒன்றும் தோன்றாது. அப்போது நேரத்தையும் உடம்பையும் எழுதுங்கள். மணி என்ன, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உடம்பில் எந்த இடத்தில் என்ன செய்கிறது. வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு அடைக்கிறது, அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது, கை கால் ஓடவில்லை என்று நம் பேச்சில் இதற்கான சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, தினமும் சொல்கிறோம், எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். மனசு பொய் சொல்லும். "எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதச் சொல்லும். தோள்பட்டை இறுகியிருந்தால் இறுகித்தான் இருக்கும். அதை எழுதிய கையோடு இரண்டாவது வரி வந்துவிடும்.

படி 5: நாலு நாள், ஒரே விஷயம்

1986-ல் வெளிவந்த ஓர் ஆய்வுதான் இந்த முறைக்கு அடிப்படை. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்கள் 46 பேரைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள், மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்த மிகக் கசப்பான ஒன்றை எழுதினார்கள். கசப்பானதை எழுதியவர்களிலும் மூன்று பிரிவு: நடந்ததை மட்டும் எழுதியவர்கள், உணர்ச்சியை மட்டும் எழுதியவர்கள், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள். அடுத்த ஆறு மாதத்தில், இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி மருத்துவரிடம் போன தடவைகள் குறைவாக இருந்தன. பின்னால் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. இது சர்வரோக நிவாரணி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே ஆரம்பியுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்களை அதிகம் அலைக்கழிக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளும் அதையே எழுதுங்கள். என்ன நடந்தது, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, இரண்டும் வர வேண்டும். பேனா நிற்கக் கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருங்கள், தோன்றும்.

முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் மனசு முன்பைவிடக் கனமாக இருக்கும். அந்த மாணவர்களுக்கும் எழுதிய உடனே மனநிலை கீழேதான் போனது. பயப்பட வேண்டாம், ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும், அதனால் எழுதியவுடன் ஆபீஸ் மீட்டிங்கோ, பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதோ இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விதி இருக்கிறது, இதை மீறவே கூடாது: ஒன்றை எழுதினால் நிலைகுலைந்துவிடுவோம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதை எழுதாதீர்கள். வேறொன்றை எழுதுங்கள். நேற்று நடந்த சாவை, நேற்று நடந்த விபத்தை இன்றே எழுத உட்கார வேண்டாம், சில வாரம் போகட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால், அல்லது வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற வரி உங்கள் நோட்டில் வர ஆரம்பித்தால், நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இலங்கையில் 1926. நோட்டு கேட்டுக்கொள்ளும், ஆனால் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாது.

படி 6: இடது பக்கம்

நாலு நாள் முடிந்து ஒரு நாள் இடைவெளி விட்டு, இப்போது எழுதியதைப் படியுங்கள், காலியாக விட்ட இடது பக்கங்களைப் பயன்படுத்துங்கள். பென்னிபேக்கர் பின்னாளில், எழுதியவர்களின் பக்கங்களில் இருந்த சொற்களையே எண்ணிப் பார்த்தார். யாருடைய எழுத்தில் நாளாக ஆக "ஏனென்றால்", "அதனால்தான்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடினவோ, அவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. ஆக, நாலு நாள் பக்கங்களிலும் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்து, ஓர் "ஏனென்றால்"கூட இல்லையென்றால், எழுதவில்லை, காகிதத்தில் செக்கு சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இடது பக்கம் அதை உடைப்பதற்குத்தான்.

முதலில் உணர்ச்சிக்குச் சரியான பெயர் கண்டுபிடியுங்கள். நாம் எல்லாவற்றுக்கும் "கோபம்", "டென்ஷன்" என்ற இரண்டு சொல்லை வைத்தே காலம் தள்ளுகிறோம். கோபமா, எரிச்சலா, பொறாமையா, அவமானமா, ஆற்றாமையா, ஏக்கமா, மனத்தாங்கலா, குற்ற உணர்ச்சியா? ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள், சரியான சொல் விழும்போது மூச்சு கொஞ்சம் இறங்கும், அதை நீங்களே கவனிக்கலாம். 2007-ல் மேத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளரின் குழுவினர் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, பயமும் கோபமும் தெரிந்த முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களுக்கு, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்திருந்தது. என் நோட்டில் "கோபம்" என்று ஏழு இடத்தில் இருந்தது. இடது பக்கத்தில் நாலைந்து சொல் எழுதி அடித்தபின் "ஆதங்கம்" என்று எழுதினேன், அங்கே நின்றுவிட்டேன். கோபம் யார்மீதும் வரும், பஸ்ஸில் காலை மிதித்தவர்மீதும் வரும். ஆதங்கம் நமக்கு உரிமை இருக்கிற ஆளிடம் மட்டும்தான் வரும்.

அடுத்து, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு புறம் "நடந்தது", மறு புறம் "நான் சேர்த்துக்கொண்டது". ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கி வைத்த, நம் நினைப்பு சரிதானா என்று சோதித்துப் பார்க்கிற அறிவாற்றல் சிகிச்சையில் இதையே இன்னும் சில கட்டங்களோடு செய்வார்கள், வீட்டுக்கு இரண்டு கட்டம் போதும். "நடந்தது" பக்கத்தில் கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும் வர வேண்டும். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், யார் வந்தார், என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார் என்று பேச்சைப் பேச்சாகவே எழுதி வைத்திருப்பார். அப்படி எழுதுங்கள்.

என்னுடைய "நடந்தது" இப்படி இருந்தது: காரியம் முடிந்த மறுநாள் காலை அக்கா பஸ் ஏறினாள். ஒன்பது நாள் கழித்து நான் ஒரு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. "சேர்த்துக்கொண்டது" பக்கத்தில்: அம்மா போய்விட்டாள், இனி இந்த வீட்டோடு என்ன ஒட்டு என்று முடிவு கட்டிவிட்டாள். எழுதும்போது அந்த மெசேஜில் என்ன இருந்தது என்றும் எழுத வேண்டி வந்தது, போனை எடுத்துப் பார்த்து அப்படியே எழுதினேன்: "பீரோ சாவி உன்கிட்டயா இருக்கு?" அவ்வளவுதான் இருந்தது. எப்படி இருக்கிறாய் என்றுகூட இல்லை. மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி நான் நடத்திய சண்டையில் இந்த வரி ஒரு தடவைகூட வந்ததில்லை.

இந்த இடத்தில் மனசு இறுகினால், உங்கள் பெயரைச் சொல்லி, "நீ" என்று உங்களையே அழைத்து நாலு வரி எழுதிப் பாருங்கள். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்திருக்கிறார், தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசிக்கொள்கிறவர்களால் பதற்றத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க முடிகிறது. உங்கள்மேல் பிரியமுள்ள அத்தையோ பெரியம்மாவோ பேசுகிற தொனியில் எழுதினால் இன்னும் எளிது.

படி 7: ஜப்பானிலிருந்து மூன்று கேள்வி

ஒரு மனிதரைப் பற்றித்தான் மனசு ஓயவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். ஜப்பானில் யோஷிமொட்டோ இஷின் உருவாக்கிய நைகான் என்ற முறையில் மூன்றே கேள்விகள். அவரிடமிருந்து நான் என்ன பெற்றேன்? அவருக்கு நான் என்ன கொடுத்தேன்? அவருக்கு நான் என்ன தொல்லை கொடுத்தேன்? அவர் எனக்குக் கொடுத்த தொல்லை என்ன என்ற நாலாவது கேள்வியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், அது நமக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

பதில்கள் சின்னச் சின்ன விவரங்களாக இருக்க வேண்டும். "பாசம் காட்டினாள்" என்று எழுதினால் அது எண்ணிக்கையில் சேராது. நான் முதல் கேள்விக்கு எழுதியது: அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிப் பதினோரு ராத்திரியும் கட்டில் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள், பையனுக்குப் பரீட்சை என்று நான் வீட்டுக்கு வந்து தூங்கினேன். இரண்டாவதுக்கு: இரண்டு நாள் இட்லி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது கேள்விக்கு அந்தச் சாவி மெசேஜ். அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் போன் செய்தேன். முக்கால் மணி நேரம் பேசினோம், சாவியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. உங்களை அடித்தவர், மிரட்டியவர், சின்ன வயதில் உங்களிடம் தவறாக நடந்துகொண்டவர், இவர்களைப் பற்றி இந்த மூன்று கேள்வியையும் எழுதவே எழுதாதீர்கள். தப்பு உங்களுடையது என்று எண்ண வைத்துவிடும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 8: படுக்கைக்கு முன் ஐந்து நிமிடம்

துண்டுத் தாள் போதும். நாளைக்கும் அடுத்த சில நாளுக்கும் செய்ய வேண்டியதை எழுதுங்கள். டெக்சாஸிலுள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் 57 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. "வங்கி வேலை" என்று எழுதாமல் "பத்தரைக்கு வங்கி, பாஸ்புக், ஆதார் நகல் இரண்டு" என்று எழுதுங்கள்.

படி 9: மாதம் ஒரு தடவை திரும்பப் படிப்பது

வேறு நிறப் பேனாவோடு உட்காருங்கள், நான் பச்சை வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற ஆள், கிழமை, நேரம் மூன்றையும் வட்டம் போடுங்கள். சிலருக்கு ஞாயிறு சாயங்காலம், சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், சிலருக்குக் குறிப்பிட்ட ஒருவரிடம் போன் பேசிய அடுத்த மணி நேரம். என் பச்சை வட்டங்களில் பாதி, மதியம் சாப்பிடாமல் விட்ட நாட்களில் விழுந்திருந்தது. பெரிய பெரிய மனக்கஷ்டம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், அன்றைக்கு மூன்று மணிவரை பட்டினி. இப்போது சாப்பாட்டையும் தூக்கத்தையும் மேல் ஓரத்தில் ஒரு வரியில் குறித்துவிடுகிறேன், நீங்களும் குறியுங்கள்.

நன்றிப் பட்டியல் எழுதுகிறவர்கள் வாரம் ஒரு தடவை எழுதினால் போதும். தினமும் எழுதினால் மூன்றாம் வாரம் கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி அதே பெயர்கள் வரும். எழுதுகிறபோது, நனைந்து வந்தபோது யார் துண்டை நீட்டினார்கள் என்ற அளவுக்கு நெருங்கி எழுதுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். நாலு நாள், நாற்பது நாள்கூட ஆகும். இடையில் நடந்ததையெல்லாம் எழுதி நிரப்பாதீர்கள், இன்றைய தேதி, மணி, உடம்பு, அங்கிருந்து ஆரம்பியுங்கள். மனசு நன்றாக இருக்கிற வாரங்களில் எழுதவே வேண்டாம், போய் வேறு வேலை பாருங்கள்.

நோட்டு முடிந்தால்

வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எனக்குப் பிறகு என் பையன் அதைப் படிக்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்று தோன்றியது. பச்சை வட்டங்களில் இருந்தவற்றை ஒரு தாளில் எடுத்து எழுதிக்கொண்டு, மீதியைக் கிழித்து பக்கெட்டில் ஊறப் போட்டேன். பீரோ சாவி வரி இருந்த தாளை மட்டும் தனியாக எடுத்து, அக்கா வந்திருந்தபோது அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று மடித்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.